பாட்டுப்பெட்டியின் முதுகில் இருக்கும் எண்

பெங்களூர் காக்ஸ் டவுனில் காம்பவுண்டுக்குள் கார் நிறுத்த இடம் இருப்பவர் பாக்கியவான். மற்றவர்கள் வண்டி தெருவில்தான் தூங்கும். மேலே தூங்குமூஞ்சி மரம், கீழே காய்ந்த பூ, கண்ணாடி முழுக்கப் பறவை எச்சம். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. பேட்டரி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் என்ஜின் எழுந்துகொள்ளும், லைட்டும் ஹாரனும் எழுந்துகொள்ளும். ஸ்டீரியோ மட்டும் எழாது. திரையில் 'கோட்' என்றோ 'சேஃப்' என்றோ எழுதிக்காட்டிவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டபடி நிற்கும்.

இதில் ஸ்டீரியோ கெட்டுப்போகவில்லை. செய்யச் சொன்ன வேலையைத்தான் செய்கிறது. அதன் பின்னால் போகும் வயர்களில் ஒன்று, பெரும்பாலும் மஞ்சள், சாவி போட்டாலும் எடுத்தாலும் எப்போதும் 12 வோல்ட் கொண்டுவருவது. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும். கறுப்பு, எர்த். மஞ்சளில் கரண்ட் அறுந்தால் 'என்னை யாரோ வண்டியிலிருந்து பிடுங்கிவிட்டார்கள்' என்று பெட்டி முடிவுகட்டும். திருடன் கை வைத்ததா, பேட்டரி செத்ததா, புது பேட்டரி மாற்ற மெக்கானிக் கழற்றினாரா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ரகசிய எண்ணோ உள்ளே எட்டுக் கால் வைத்த சின்ன மெமரி சிப்பில் கரண்ட் இல்லாமலே பத்திரமாக இருக்கும். வருடக்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்தாலும் அது மறக்காது. மறந்தது நாம்தான்.

இந்தப் பூட்டு ஸ்டீரியோவுக்கு மதிப்பு இருந்த காலத்துப் பொருள். ஐரோப்பாவில் கார் கண்ணாடியை உடைத்து ரேடியோவைத் தூக்கிப்போவது பெரிய தொழிலாக நடந்த காலத்தில், திருடிப்போனாலும் பாடாது என்று காட்ட வந்தது. நம் பக்கம் அப்போது வேறு வழி வைத்திருந்தோம். கைப்பிடி வைத்த ஸ்டீரியோவை அப்படியே உருவிக் கையில் எடுத்துக்கொண்டு ஃப்ரேசர் டவுன் எவரெஸ்ட் தியேட்டரில் படம் பார்க்கப் போனவர்களை எனக்குத் தெரியும். டிபன் பாக்ஸ் மாதிரி மடியில் வைத்திருப்பார்கள். பிறகு முகத்தகட்டை மட்டும் கழற்றிப் பாக்கெட்டில் போடும் பெட்டிகள் வந்தன. இன்றைக்குப் பதினைந்து வருடத்துப் பழைய ஸ்டீரியோவை எந்தத் திருடனும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூட்டு மட்டும் காவலை விடாமல் சொந்தக்காரரையே வெளியே நிறுத்துகிறது.

டேஷ்போர்டில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கிளவ் பாக்ஸைக் காலி செய்யுங்கள். அதன் உள்பக்கச் சுவரில் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். வண்டியோடு வந்த புத்தக உறையில் விசிட்டிங் கார்டு அளவில் ரகசிய எண்ணோடு ஓர் அட்டை இருக்கும். புது வண்டி எடுத்த அன்றைக்கு, மாலை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கும் பரபரப்பில், அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் விற்றவருக்கு ஒரு போன் போடுங்கள். அட்டை அவர் பீரோவில் வேறு ஏதாவது ஃபைலுக்குள் இருக்கலாம்.

பிறகு, ஸ்டீரியோவின் பவர் பொத்தானை இரண்டு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் பிற்பட்ட ஹோண்டா வண்டிகளில் ஸ்டீரியோவும் வண்டியின் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால் எண்ணே கேட்காமல் திறந்துவிடும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவிலும் பிந்தைய மாடல்களில் பெட்டி அதே வண்டியில் இருக்கும்வரை தொல்லை செய்யாது. வேறு வண்டிக்கு மாற்றினால்தான் கேட்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால், ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கத் தேவைப்படும் வரிசை எண்ணைப் பெட்டியைக் கழற்றாமலே எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பல பழைய ஹோண்டா பெட்டிகளில் சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பி, ஸ்டீரியோவை அணைத்து வைத்து, 1, 6 பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்தபடி பவரை அழுத்தினால் எண் திரையில் வரும். முதலில் 'யு' போட்டு நாலு இலக்கம், அடுத்து 'எல்' போட்டு நாலு. இரண்டும் சேர்ந்து எட்டு. ஃபோர்டின் சில பெட்டிகளிலும் இதே 1, 6 வித்தை பலிக்கும். அங்கே 'வி' அல்லது 'எம்' எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம் வரும். என் பக்கத்து வீட்டு மாமா தன் பழைய அக்கார்டின் டேஷ்போர்டைப் பிரிக்க ஆள் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டு பொத்தானில் காரியம் முடிந்தது. வந்த ஆளுக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பினோம்.

இன்னொன்று, சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து சேசிஸ் எண் போதுமா, ஸ்டீரியோவின் எண்ணும் வேண்டுமா என்று கேளுங்கள். சில கம்பெனிகளுக்குச் சேசிஸ் எண்ணே போதும். கேட்காமல் பிரித்துவிட்டு அப்புறம் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணை ஊகித்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். வண்டி வாங்கிய வருடம், 1234, பழைய நம்பர் பிளேட் எண் என்று அடித்துப் பார்க்கத் தோன்றும். இதைச் செய்யாதீர்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா பழைய பெட்டிகளில் இரண்டு தப்பு விழுந்தால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். நாலு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள். மணிக்கு இரண்டு என்றால் 5,000 மணி நேரம், ராப்பகலாக உட்கார்ந்தால் 208 நாள். அதுவும் அந்த ஒரு மணி நேரமும் பெட்டி ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்திருந்தது கணக்கில் சேராது. ஏற்கெனவே நொந்த பேட்டரி மறுபடி படுக்கும். ஹோண்டாவில் பத்து முறை விடுவார்கள், பிறகு ஒரு மணி நேரம். ஹோண்டாவில் இன்னொரு நுணுக்கம்: நடுவில் ஓர் இலக்கம் தப்பாக அழுத்திவிட்டால் பதறி முதலிலிருந்து தொடங்கக் கூடாது. தப்போடே ஐந்து இலக்கத்தையும் முடித்துவிட்டு, அடுத்த முறை சரியாக அடிக்க வேண்டும்.

சரி, எதுவும் பலிக்கவில்லை. வரிசை எண் பெட்டியின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. பெட்டி வெளியே வந்தாக வேண்டும்.

கடையில் விற்கும் பெரும்பாலான ஸ்டீரியோக்களின் முகம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மன்காரர்கள் வகுத்த இந்த அளவை 'சிங்கிள் டின்' என்பார்கள். உயரம் இரட்டித்தால் 'டபுள் டின்'. வண்டியோடு வரும் பெட்டி டேஷ்போர்டோடு கலந்த மாதிரி முகம் காட்டினாலும் உள்ளே பெரும்பாலும் இப்படியொரு செவ்வகம்தான். பூட்டியிருக்கும் விதம் மூன்று. முகத்தின் இருபுறமும் இரண்டிரண்டு வட்டத் துளை இருந்தால் ஃபோர்டு வகை, 'யு' வடிவக் கம்பிச் சாவி வேண்டும். ஓரங்களில் மெல்லிய கீறல் மாதிரிப் பிளவு இருந்தால் பழைய ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகை, தட்டையான தகட்டுச் சாவி. துளையும் இல்லை, பிளவும் இல்லை என்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை முதலில் உரித்து, உள்ளே ஸ்க்ரூவைத் தேட வேண்டும்.

என் முதல் பெட்டி ஒரு பழைய ஆக்டேவியாவுடையது. பிளவு வகை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் தெருமுனையில் பட்டறை வைத்திருந்த பாய். ஹேக்சா பிளேடை இரண்டாக ஒடித்து, பல்லைக் கிரைண்டரில் தீட்டி, நுனியில் சின்ன வெட்டு வைத்து அவரே சாவி செய்திருந்தார். பிளேடைப் பிளவில் விட்டுவிட்டு நான் பலமாக இழுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"சார், இதுக்கு ஜபர்தஸ்தி ஆவாது. கதவைத் தட்டி, உள்ள இருக்கறவரைக் கூட்டிட்டு வர்ற மாதிரி வரணும்."

அப்படித்தான் வந்தது. இரு பக்கமும் சாவி உள்ளே போய் 'க்ளிக்' என்று பிடித்ததும், இரண்டையும் கொஞ்சம் வெளிப்பக்கமாக விரித்தபடி, ஒரே சீராக நம் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முன்னால் வந்து மறுபக்கம் பின்தங்கினால் பெட்டி கோணிக்கொண்டு சிக்கும். அப்போது இழுக்காமல், திரும்ப உள்ளே தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பெட்டி வெளியே வந்த பிறகும் சாவி அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் தெரியும் வில்தகட்டைக் கட்டை விரலால் அழுத்தினால்தான் விடும். இது தெரியாமல் சாவியை முறுக்கி உடைத்தவர்கள் உண்டு.

பாய் மாதிரி பிளேடைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஜே.சி. ரோட்டுக் கார் சாமான் கடைகளில் சாவி கிடைக்கும், ஃப்ரேசர் டவுனில் ஒரு பிரியாணி சாப்பிடும் காசுக்கு. ஃபோர்டு வகைக்கு 3 மில்லிமீட்டர் கம்பியை 'யு' வடிவில் வளைத்தாலும் நடக்கும். பூச்சைத் தட்டி எடுத்த வெல்டிங் ராடு நன்றாக வேலை செய்யும்.

சட்டத்தை உரிக்கும் வகைதான் பயமுறுத்துவது. அங்கே அவசரம் ஆகாது. வண்டியை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, மதியத்தில் செய்யுங்கள். பெங்களூர் டிசம்பர் காலையில் பழைய பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. நகத்தளவு கிளிப் ஒன்று ஒடிந்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் டேஷ்போர்டு கடகடவென்று உங்களைத் திட்டும். ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக்க வேண்டாம். பிளாஸ்டிக் பட்டை எடுங்கள். இல்லாவிட்டால் பழைய ஏடிஎம் கார்டு. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. கீழ்மூலையில் தொடங்கி, கிளிப் கிளிப்பாக, 'டப்' சத்தம் கேட்டபடி மேலே போங்கள். சட்டம் கையோடு வந்ததும் பிடுங்கி எடுத்துவிடாதீர்கள். அதன் பின்னால் ஹசார்ட் சுவிட்சுக்கு வயர் போகும், சில வண்டியில் ஏசி சுவிட்சுக்கும். அவற்றின் சாக்கெட்டில் சின்ன நாக்கு இருக்கும். அதை அழுத்தினால் கழலும்.

ஸ்க்ரூ சில வண்டியில் ஸ்டார், சில வண்டியில் ஆறுமுனை டார்க்ஸ். ஐரோப்பிய வண்டி என்றால் டி20 பிட் ஒன்று கையில் இருக்கட்டும். காந்த நுனி ஸ்க்ரூடிரைவர் கட்டாயம். டேஷ்போர்டுக்குள் விழும் ஸ்க்ரூ எங்கே போகும் என்பதை இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. துளையின் கீழ் ஒரு துணியைத் திணித்துவிட்டு வேலை செய்யுங்கள்.

இதெல்லாம் தொடங்கும் முன் பானெட்டைத் திறந்து, 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெட்டி ஏற்கெனவே பூட்டியாகிவிட்டதால் இதில் புதிதாக இழக்க ஒன்றும் இல்லை. ஏர்பேக் உள்ள வண்டியில் கழற்றிய பிறகு குறைந்தது 3 நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள். நான் 10 நிமிடம் விடுவேன். நாளிதழின் விளையாட்டுப் பக்கம் படித்து முடிக்கிற நேரம். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறத்தில் சாக்கெட் தெரிந்தால் அது ஏர்பேக் சமாசாரம். அதைத் தொடவே வேண்டாம்.

பெட்டி நாலு விரல் வெளியே வந்ததும் போனில் ஒரு படம் எடுங்கள், எந்த வயர் எங்கே சொருகியிருக்கிறது என்று. பிறகு ஆன்டெனா பின்னை அதன் கழுத்தைப் பிடித்து நேராக இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரிய சாக்கெட் பிந்தைய வண்டிகளில் ஒரு நெம்புகோலோடு இருக்கும். அதைத் திருப்பினால் சாக்கெட் தானாகவே வெளியே தள்ளப்படும்.

ஸ்டிக்கர் முதுகிலோ மேல்பக்கத்திலோ பக்கவாட்டிலோ இருக்கும். அதில் நாலைந்து எண்கள் வரிசைகட்டி நிற்கும். என்னிடம் உதவி கேட்டு வருவோர் எல்லாரும் தப்பான எண்ணைத்தான் முதலில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆக்டேவியா பெட்டியில் '1யு0 035' என்று தொடங்குவது பாகத்தின் எண். அந்த மாடல் பெட்டி எல்லாவற்றுக்கும் அதே எண்தான். நமக்கு வேண்டியது 'எஸ்கேஇசட்' என்று தொடங்கும் 14 எழுத்து. ஃபோக்ஸ்வாகனில் 'விடபிள்யூஇசட்'. ஃபோர்டில் வி அல்லது எம். ரெனோவில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கமுமாக நாலே நாலு, பார்கோடின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். அந்த நாலிலிருந்து கணக்குப் போட்டுத்தான் ரகசிய எண்ணே பிறக்கிறது. கையால் எழுதிக்கொள்ளாதீர்கள், படம் எடுங்கள். அதுவும் ஃபிளாஷ் போடாமல், கொஞ்சம் சாய்வாக. பூஜ்யமும் ஆங்கில ஓ-வும், 8-ம் பி-யும், 5-ம் எஸ்-ஸும் அந்தச் சின்ன அச்சில் இரட்டைப் பிள்ளைகள்.

படத்தோடு ஆர்சியும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வண்டி உங்கள் பேரில்தான் என்று காட்டினால் கம்பெனிப் பதிவிலிருந்து எண்ணை எடுத்துத் தருவார்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் என்னிடம், 'பழைய மாடல், இனி வராது, புது ஸ்டீரியோ போட்டுக்கொள்ளுங்கள்' என்று கவுன்ட்டரிலேயே சொன்னார்கள். உள்ளே பாகங்கள் பிரிவில் இருந்த பெரியவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்தார். கவுன்ட்டரோடு நின்றுவிடாதீர்கள், பாகங்கள் பிரிவைக் கேளுங்கள்.

கம்பெனி கைவிரித்தால் கடைசி வழி எலக்ட்ரானிக்ஸ் ஆள். எஸ்.பி. ரோட்டுப் பக்கம் விசாரித்தால் பெட்டியைத் திறந்து அந்த எட்டுக் கால் சிப்பின் மேல் கிளிப்பை மாட்டி லேப்டாப்பில் படிக்கத் தெரிந்தவர் கிடைப்பார். நல்ல ஆள் என்றால் அரை மணி வேலை. அரைகுறை என்றால் பெட்டி மொத்தமாகப் போகும். படித்ததை முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்கிறாரா என்று பாருங்கள். எடுக்காமல் எழுதத் தொடங்குபவரிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சிவாஜிநகர் பழைய சாமான் சந்தையான குஜிரியில் இதே மாடல் பெட்டி மலிவாகக் கிடைக்குமே என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அதுவும் சொருகியவுடன் எண் கேட்கும், அந்த எண் அதன் பழைய சொந்தக்காரரிடம். அந்தச் சொந்தக்காரர் யார், பெட்டி எப்படி அங்கே வந்தது என்பது வேறு கேள்வி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411-ம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ம் பிரிவு. பில் தராத கடையில் ஸ்டீரியோ வாங்காதீர்கள்.

எண் கையில் வந்தபின் வயர்களைச் சொருகி, பேட்டரியை மாட்டுங்கள். எண்ணை அடிக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. ஹோண்டாவில் 1 முதல் 6 வரையுள்ள பொத்தான்களே இலக்கங்கள். 33251 என்றால் அப்படியே வரிசையாக அழுத்த வேண்டும். ஃபோக்ஸ்வாகன் வகையில் அப்படியல்ல. முதல் பொத்தான் முதல் இலக்கத்தைச் சுழற்றும், இரண்டாவது பொத்தான் இரண்டாவதை. ஏழு வேண்டுமென்றால் ஏழு வரும்வரை தட்ட வேண்டும். நாலும் திரையில் நின்றபின் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். எண் சரி, முறை தப்பு என்று இரண்டு வாய்ப்பையும் தொலைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன் நான். முதலில் வண்டிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

பெட்டி பாடுகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே தள்ளி ஸ்க்ரூ போடுங்கள். தள்ளும் முன் அந்த எண்ணை இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஒன்று வீட்டில், ஆர்சி நகல் இருக்கும் ஃபைலில். இன்னொன்று போனில். வண்டிக்குள் எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது மாதிரி. அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது மெக்கானிக்கிடம், பழையதைக் கழற்றும் முன் இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை ஜம்பர் கேபிளால் இணைத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். மஞ்சள் வயரில் கரண்ட் அறாது, பெட்டிக்குச் சந்தேகம் வராது. கழன்ற பாசிட்டிவ் முனை அப்போதும் உயிரோடு இருக்கும். துணியைச் சுற்றிவைக்காவிட்டால் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

கடைசியாக ஸ்டேஷன்கள். கரண்ட் போனதில் எல்லாம் அழிந்திருக்கும், மறுபடி பதிய வேண்டும். 91.1 ரேடியோ சிட்டி, 101.3 எஃப்எம் ரெயின்போ, 102.9 விவித் பாரதி. மூன்றிலும் பாட்டுக்குப் பதில் எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம் வருகிறது என்றால் பெட்டியில் குறையில்லை. ஆன்டெனா பின்னைச் சொருக மறந்துவிட்டு ஸ்க்ரூ முழுவதையும் முறுக்கியிருக்கிறீர்கள். திரும்பக் கழற்றுங்கள். இந்த முறை பேட்டரியைக் கழற்ற வேண்டாம், பெரிய சாக்கெட்டையும் உருவ வேண்டாம்.